ஹெப்சியின் மார்க்

"இருபத்தேழு! கணக்குல வெறும் இருபத்தேழுங்களா?"

தபாலில் வந்த மார்க் ஷீட்டைக் கையில் பிடித்தபடி கேட்டாள் கோமளா டீச்சர். பக்கத்து வீடு. இருபது வருஷமாகப் பள்ளிக்கூட வேலை.

பியூலா தலைகுனிந்து நின்றாள். மகள் ஹெப்சியை ஐந்தாவதோடு நிறுத்தி, வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஜெபம், வேத பாடம். அப்புறம்தான் கணக்கு, அறிவியல் எல்லாம். தொண்ணூற்றாறாம் வருஷம் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுத வைத்தாள். மற்ற பாடமெல்லாம் எழுபதுக்கு மேல். கணக்கில் மட்டும் பெயில்.

"ஏனுங்க பியூலாக்கா, நான் அப்பவே சொன்னனுங்க. ஜெபம் வேண்டாங்கல, நல்ல புத்தி வேண்டாங்கல. ஆனா படிப்புன்னு ஒண்ணு இருக்குதுல்ல? புள்ளைய ஊட்டுலயே வெச்சு வீணாக்கிப்போட்டீங்களே!"

மதுக்கரை சிமெண்ட் ஆலைக்கு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பியூலாவின் கணவர் தேவநேசன் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சொன்னார்.

"டீச்சர் சொல்றது சரிதான். திங்கக்கிழமையே ஸ்கூல்ல சேத்துப்போடலாம். உன்ற பாடம் போதும்."

பியூலா மகள் பக்கம் திரும்பினாள். மூன்று வருஷ உழைப்பு. ஜெப நேரத்தைக் குறைத்து, கணக்குக்குக் கூட்டியிருக்க வேண்டுமோ?

"கண்ணு, வட்டிக் கணக்கு, பரப்பளவு எல்லாம் கண்ண மூடிட்டுப் போடுவியே. அங்க என்னாச்சு? தெரியலையா?"

"தெரிஞ்சுதும்மா."

"அப்புறம் ஏன் எழுதல?"

ஹெப்சி சுவரைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா? கேட்டதுக்குப் பதில் சொல்லக்கூட அவளைப் பழக்கல" என்றாள் கோமளா.

அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது.

"ஏனுங்க... ஹெப்சி பாப்பா ஊடு இதுதானுங்களா?"

ஒரு பெண் நின்றிருந்தாள். இடுப்பில் வயது ஒன்றுகூட ஆகாத குழந்தை. கையில் பலகாரம் வைத்த தூக்குப்போசி.

"என்ற பேரு மாசாணியம்மாளுங்க. பாப்பாகூட அதே ரூம்ல பரீட்சை எழுதினனுங்க. பாஸாயிட்டேன்! இனி பால்வாடி ஆயா வேலைக்கு எழுதிப்போடலாமுங்க. சர்ச்சுக்குப் பக்கத்துல ஊடுன்னு பாப்பா சொல்லியிருந்துச்சு. அதான் கச்சாயம் சுட்டு எடுத்துட்டு வந்தேன்."

ஹெப்சி ஓடிப்போய்க் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இவகூட எப்படிங்க பழக்கம்?" பியூலாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"பாப்பா சொல்லலீங்களா? கணக்குப் பரீட்சையன்னிக்கு இவனைப் பாத்துக்க ஆளில்லீங்க. மரத்துல தூளி கட்டித் தூங்க வெச்சு, வாட்ச்மேன்கிட்டச் சொல்லிப்போட்டு உள்ள போனேன். ஒரு மணி நேரத்துல முழிச்சுட்டு ஒரே அழுவை. எனக்குப் பேனா ஓடல. எழுதினது போதும், குடுத்துப்போட்டுப் போயிரலாமுன்னு எந்திரிச்சுட்டேன்."

மாசாணியம்மாள் ஹெப்சியைக் கை காட்டினாள்.

"பக்கத்து பெஞ்சுல இருந்த பாப்பா, 'நீங்க உக்காந்து எழுதுங்கக்கா'ன்னு சொல்லிப்போட்டு, தன்ற பேப்பரை சார்கிட்டக் குடுத்துட்டு வெளிய போயிருச்சுங்க. மணியடிக்கிற வரைக்கும் இவனைத் தோள்ல போட்டுட்டு வெயில்ல நடந்துட்டே இருந்துச்சு. நான் ஜன்னல் வழியாப் பாத்துப் பாத்து எழுதினேன்."

தேவநேசனின் விரல் பொத்தானிலேயே நின்றுவிட்டது.

மாசாணியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நான் ஒருத்தி, என்ற கதையே பேசிட்டிருக்கேன். அத்தனை சீக்கிரமா முடிச்சுப்போட்ட புள்ளையாச்சே... பாப்பா கணக்குல எத்தனை மார்க்குங்க?"

சொல்லிவிடாதீர்கள் என்று ஹெப்சி கண்ணாலேயே அம்மாவைக் கெஞ்சினாள்.

கோமளா டீச்சர் மார்க் ஷீட்டை மெல்ல மடித்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"நல்ல மார்க்குங்க அம்மணி. எங்க ஸ்கூல்ல இதுவரைக்கும் ஒரு புள்ளகூட இத்தனை வாங்குனதில்லீங்க."