இரண்டு கையும் பட்டனில்

டெனிசனின் வலது கை தலைக்கு மேலே போய்விட்டது.

கீழே பெனிஷா உட்கார்ந்திருந்தாள். இன்னும் இரண்டு வயது முடியாத அவன் மகள். மூக்கு நுனியில்கூடக் கேழ்வரகுக் கஞ்சி.

கிண்ணத்தைத் தரையில் கவிழ்த்திருந்தாலாவது போகட்டும் என்று விட்டிருப்பான். அவன் ராத்திரி ஷிப்டுக்குப் போட்டுக்கொண்டு போக மடித்து வைத்திருந்த கம்பெனிச் சட்டையாகப் பார்த்துக் கவிழ்த்தாள். கவிழ்த்தது போதாதென்று உள்ளங்கையால் தேய்த்தாள். பிடுங்கப் போனவனின் விரலை நறுக்கென்று கடித்தாள். கடித்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அங்கேதான் அவனுக்குத் தலைக்கேறியது.

அவன் பாட்டையும் சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்க ஒரகடத்துக் கார் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை. விடிந்து இருங்காட்டுக்கோட்டை வாடகை அறைக்கு வந்தால், வாசலிலேயே குழந்தையைக் கையில் திணித்துவிட்டு ஷாலின் தன் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவாள். புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துக்கொள்வதே அந்த வாசலில்தான். சாயங்காலம் அவள் திரும்புகிறவரை, இந்த வாண்டு கண் மூடினால்தான் இவன் கண் மூடலாம். அவள் எங்கே மூடினாள்!

கை இன்னும் மேலேயே நின்றது.

டெனிசனுக்குத் தன் கையைப் பார்க்கவே பயமாயிருந்தது. தகடு தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. அது இறங்கினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

கம்பெனியில் அவன் நிற்பது பிரஸ் மெஷினில். இரும்புத் தகட்டைக் கார் கதவாக வளைக்கிற மெஷின். இந்தப் பக்கம் ஒரு பட்டன், அந்தப் பக்கம் ஒரு பட்டன். இரண்டு கையும் இரண்டு பட்டனில் இருந்தால்தான் மேலே இருக்கிற இரும்பு கீழே வரும். ஒரு கையை எடுத்தாலும் அப்படியே நின்றுவிடும். சும்மா இருக்கிற கைதான் ஆபத்து என்று அந்த மெஷினைச் செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜெபமும் அப்படித்தான் என்று டெனிசனே கண்டுபிடித்திருந்தான். கோபம் வந்தால் இரண்டு கையையும் கூப்பிவிட வேண்டும். கூப்பிய கையால் யாரை அடிக்க முடியும்? பொறுமையாக இருங்கள் என்று கோயிலில் ஃபாதர் சொல்லிவிட்டுப் போய்விடுவார், அவருக்கென்ன, பிள்ளையா குட்டியா! ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் தூங்கி வழிகிறவன், போன வாரத்திலிருந்து கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால் முழந்தாளிடப் பழகியிருந்தான்.

இடது கை மேலே போய் வலது கையைப் பிடித்தது. இழுத்துக்கொண்டு வந்து நெஞ்சுக்கு முன்னால் சேர்த்தது. பட்டென்று சத்தம். முழங்கால் தரையில் விழுந்தது, சட்டையிலிருந்து வழிந்து கிடந்த கஞ்சியிலேயே.

ஆண்டவரே, பொறுமையைத் தாரும். இந்தக் கையைப் பிடித்துக்கொள்ளும். விட்டுவிடாதேயும்.

விரல்களுக்குள் விரல்களைக் கோத்து இறுக்கினான். வெளியே கண்டெய்னர் லாரி ஒன்று போக, ஜன்னல் கதவு கடகடவென்று ஆடியது. ஆண்டவரே, ஆண்டவரே. வேறு வார்த்தை வரவில்லை. அதையே சொல்லிக்கொண்டிருந்தான். மெல்ல மெல்ல, அடுப்பைத் தணித்ததும் பால் இறங்குகிற மாதிரி கோபம் இறங்கியது. காது அடைப்பு விட்டது. மூச்சு ஒழுங்காக வந்தது.

அப்பாடா. இன்றைக்கும் தப்பித்தோம் என்று நினைத்தான்.

கண்ணைத் திறந்தான்.

எதிரே பெனிஷாவும் முழங்காலில் இருந்தாள். கஞ்சி வழிகிற பிஞ்சுக் கைகள் இரண்டையும் கூப்பி, மூக்கு சுருங்கக் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

திறந்திருந்த வாசலில் பக்கத்து அறை ராஜம்மா தண்ணீர்க் குடத்தோடு நின்றுவிட்டாள்.

"அய்ய, இன்னா அயகா கும்புடுது பாரேன்! இத்தினியூண்டு இருந்துகினு... யாரு டெனிசு இதுக்குக் கத்துக் குடுத்தது?"

டெனிசனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு வாரம் பட்ட பாட்டுக்கு ஆண்டவர் கண் திறந்துவிட்டார் என்றே நினைத்தான். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தான். மகளை வாரித் தூக்கிக் கொஞ்ச வேண்டும்போல் இருந்தது. கூப்பிய கையைப் பிரித்து அவள் பக்கம் நீட்டினான்.

பெனிஷா கண்ணைத் திறந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள். தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, கூப்பிய கையை விடாமலேயே பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஆமென்... ஆமென்ப்பா... அடி வாணாம்."

போன வாரம் அவள் தொடை கன்றிச் சிவந்திருந்ததைப் பார்த்து ஷாலின் பதறியபோது, கட்டிலில் இடித்துக்கொண்டாள் என்று சொல்லியிருந்தான். ஷாலின் நம்பிவிட்டாள். குழந்தையும் மறந்திருக்கும் என்றுதான் இருந்தான். இத்தனை சிறிசுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது?

ராஜம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. குடத்தைக் கீழே வைத்தாள்.

டெனிசன் மறுபடி கையைக் கூப்பப் போனான். அதைப் பார்த்தால் இன்னும் மிரளுவாளோ என்று பயந்து நிறுத்திக்கொண்டான். நீட்டவும் பயம். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, கஞ்சியில் முழங்கால் போட்டபடியே அசையாமல் இருந்தான். கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

சுவரோரம் குழந்தை கூப்பிய கையைப் பிரிக்கவே இல்லை.