கூடுதலாக ஏழு வரிசை

கொடைக்கானலுக்கு மாற்றலாகிப் போகும் தங்கைக்காக முனீஸ்வரி ஒரு லேஸ் சால்வை பின்னிக்கொண்டிருந்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் இரண்டு வரிசை. அதற்கு மேல் கை ஓடாது. முப்பதாம் நாள் எண்ணிப் பார்த்தாள். அறுபது இருக்க வேண்டிய இடத்தில் அறுபத்தேழு இருந்தது.

“ஏங்க, இத நீங்க தொட்டீங்களா?”

“எனக்குச் சட்டைப் பட்டனே தைக்கத் தெரியாது,” என்றான் கணவன் பொம்மையன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

அந்த ஏழு வரிசையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் கை போட்டதல்ல அது. ஆனால் ஒரு கண்ணிகூடத் தளரவில்லை. பிரிக்க மனம் வரவில்லை.

“யம்மா, என்ன கை இது!”

அன்றிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்தே தன் கையைத் திருத்திக்கொண்டாள். அவள் தப்பாகப் போட்ட கண்ணிகள் மறுநாள் சரியாகியிருந்தன.

தங்கை கிளம்பும் நாளன்று இன்னும் இருபது வரிசை பாக்கி. சால்வையை நாற்காலியில் வைத்து, ஆளில்லாத அறையைப் பார்த்து, “செத்த ஒத்தாசை பண்ணுங்க,” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

மத்தியானம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடைசிக் கண்ணியை மட்டும் ஊசியிலேயே அவளுக்கு விட்டுவைத்திருந்தார்கள். நூலை அதற்குள் கோத்து இழுத்தாள். சால்வையின் எதிர்முனையை யாரோ பதமாகப் பிடித்துக்கொண்டார்கள்.