குப்பைமேனிக்கு வந்த யோகம்

குப்பைமேட்டில் நின்ற குப்பைமேனிச் செடிக்குத் தலைகால் புரியவில்லை. சிரங்குக்கு மஞ்சளோடு அரைத்துப் பூசுகிற தன்னைத் தேடி சோப்புக் கம்பெனியே வந்துவிட்டதே!

அதன் வேரை முகர்ந்து கிறங்கிப் புரள, வழக்கம்போலப் பூனை வந்தது.

"தள்ளி நில்லு! இனி நான் கண்ணாடி அலமாரியில் இருக்கப்போறவ."

"சரிங்க மகாராணி," என்றது பூனை.

ஆட்கள் செடியை அதன் சொந்தபந்தத்தோடு வேரோடு பிடுங்கிக் கூடையில் போட்டார்கள். அத்தனை வேரை ஒன்றாகப் பார்த்ததும் பூனைக்குப் பித்தம் தலைக்கேறியது. கூடைக்குள் பாய்ந்து பல்டியடித்தது.

"ஐயய்யோ, சோப்பில் பூனை முடியா? கொட்டுங்கடா அதை!" என்று கத்தினார் மேனேஜர்.

செடி பழைய குப்பைமேட்டிலேயே விழுந்தது.

"அலமாரி எப்படி இருக்கு, மகாராணி?"

"பேசாம என்மேல புரளு," என்றது வாடிக்கொண்டிருந்த செடி. "விதையெல்லாம் மண்ணுல உதிரட்டும்."