லேபுக்கு வந்த பரீட்சை

"மெதுவா பேசு சக்தி. யார் காதுலயாவது விழுந்தா என் மானம் போயிடும்."

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று போனில் கிசுகிசுத்தாள் ஸ்ரீரஞ்சனி. கல்யாணமானவள் ஓர் ஆணோடு இப்படிப் பேசினால் மயிலாப்பூர் என்னென்ன கதை கட்டுமோ!

ஆனால் விஷயம் கிருமி. வருஷா வருஷம் லேப்களுக்கே ஒரு பரீட்சை உண்டு. பாட்டிலில் பேர் சொல்லாத கிருமி வரும், அது இன்னதென்று கண்டுபிடித்து எழுதி அனுப்ப வேண்டும். போன வருஷம் அவள் லேப் கோட்டை விட்டது. இந்தத் தடவையும் விட்டால் லேபுக்கு அங்கீகாரம் போகும், அவளுக்கு வேலை போகும்.

பச்சை மூடி பாட்டிலில் வந்ததை வளர்த்து, புதிதாக வாங்கிய அவசரச் சோதனைக் கிட்டில் போட்டிருந்தாள். கிட்டின் சின்னக் குழிகளெல்லாம் கலர் மாறி, கிருமியின் பேர் 'கிளெப்சியெல்லா' என்றது. நாலு மணி நேரத்தில் ஜாதகம் சொல்லும் கிட்டை யார் நம்புவது? பழைய முறையில் நிதானமாகச் சோதிக்கலாமென்றால், பதில் சாயங்காலமே போயாக வேண்டும்.

"எங்க கிட் கிளெப்சியெல்லாங்குது. உனக்கு என்ன வந்துது?"

"சிவப்பு மூடியத் தொறந்து, வளர்த்து, மெஷின்ல போட்டேன். ஈ.கோலைன்னு வந்துச்சு."

சக்திவேல் வேலை பார்ப்பது அடையாறில், பெரிய லேப்; அங்கேயும் இதே பரீட்சை. காலேஜில் அவள் பேப்பரை எட்டிப் பார்த்தே பாஸானவன்தான். ஆனால் மெஷின் எட்டிப் பார்க்காதே! விடைத்தாளில் கிளெப்சியெல்லாவை அடித்துவிட்டு, ஈ.கோலை என்று எழுதி அனுப்பினாள்.

முடிவு வந்தது. தப்பு. சரியான விடை கிளெப்சியெல்லா.

கொதித்துப்போய் மறுபடி மாடிக்கு ஓடினாள். "பாவி! உன்னை நம்பி மாத்தினேன்டா. கிட் சரியாத்தான் சொல்லியிருக்கு. என் வேலைக்கே வேட்டு வச்சிட்டியே!"

சக்திவேல் குறுக்கிட்டான்.

"ரஞ்சி, உன் பாட்டில் மூடி என்ன கலர்?"

"பச்சை. ஏன்?"

"என்னுது சிவப்பு. நாம போன் போட்டுக் கேட்டுக்கறது தெரிஞ்சுபோய், பரீட்சை நடத்தறவனுங்க இந்த வருஷம் லேபுக்கொரு கிருமி அனுப்பியிருக்கானுங்க. என்னுது ஈ.கோலையேதான்."

அவளுக்கு அழுகை முட்டியது. "அப்போ நீயாவது பாஸ்."

"எங்க? காலேஜ்லேர்ந்தே உன்னைப் பாத்துத்தானே எழுதறேன். கிளெப்சியெல்லான்னு மாத்திட்டேன்!"