பொய் அலாரம்

இன்றைக்கு மட்டும் அலாரம் அடித்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றான் சூர்யா.

பெருங்களத்தூரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. பின்பக்கம் கழிவுநீர்த் தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. நேற்றுத்தான் சுத்தம் செய்து காற்றுப் போக விட்டிருந்தார்கள்.

சூர்யா ஒரு சின்னக் கருவியைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினான். அவனும் கைனாத்தும் சேர்ந்து உருவாக்கியது. விஷவாயு இருந்தால் ஊரையே கூட்டுகிற மாதிரி அலறும். இல்லாவிட்டால் பச்சை விளக்கு.

இருவரும் காட்டாங்குளத்தூரில் ஒன்றாகப் படித்தவர்கள். பம்மலில் கைனாத் வீட்டுத் தெருவில், தொட்டிக்குள் இறங்கிய இரண்டு பேர் உயிரோடு மேலே வரவில்லை. அந்த வாரமே இருவரும் வேலையை விட்டார்கள். ஒரு தோல் பட்டறை மாடியில் கம்பெனி ஆரம்பித்தார்கள்.

கருவி வந்துவிட்டது. முதலீடுதான் வரவில்லை. போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி. "நல்லாத்தான் இருக்கு. யாராவது வாங்குறாங்களா?"

இப்போது வாங்க வந்திருப்பவர் அனந்தகிருஷ்ணன். புறநகர் முழுக்க அபார்ட்மென்ட்களில் பராமரிப்பு கான்ட்ராக்ட் எடுப்பவர். அவர் ஆர்டர் கொடுத்தால் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் கடையை மூட வேண்டியதுதான்.

பச்சை விளக்கு எரிந்தது.

சூர்யாவுக்கு மூச்சு வந்தது. கைனாத்தைத் தேடினான். பார்க்கிங் பக்கமிருந்து வேக வேகமாக வந்துகொண்டிருந்தாள். முகம் சரியில்லை. கையில் போன். பெங்களூரு கம்பெனி ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது அவனுக்குத் தெரியும். இன்றைக்குமா?

"இது மட்டும் போதாது தம்பி," என்றார், பார்க்கிங்கில் போன் பேசிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த அனந்தகிருஷ்ணன். "என் கஸ்டமருங்களுக்குக் காட்ட வீடியோ வேணும். ஐசக், நீ இறங்குப்பா."

சூர்யா திடுக்கிட்டான். "சார், ஆள் இறங்கத் தேவையே இல்லையே. இது வந்து..."

"பச்சை லைட் எரியுதுல்ல? நீங்க செஞ்ச மிஷினை நீங்களே நம்ப மாட்டீங்களா?"

சூர்யா பச்சை விளக்கை இன்னொரு முறை பார்த்தான்.

அனந்தகிருஷ்ணனிடம் வேலை பார்க்கும் துப்புரவுத் தொழிலாளி ஐசக் சட்டையைக் கழற்றி மதில் மேல் போட்டார். இடுப்பில் கயிறு ஏறியது. அவர் முதலாளியைப் பார்க்கவில்லை. சூர்யாவைப் பார்த்தார்.

"இன்னா சார், எறங்கலாமா? ஒண்ணும் ஆவாதே?"

எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். சூர்யா தலையாட்டினான்.

ஐசக் தொட்டிக்குள் காலை வைத்தார்.

அலாரம் அலறியது.

ஐசக் ஒரே துள்ளலில் வெளியே வந்து விழுந்தார். மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. யாரோ "ஆம்புலன்ஸ்!" என்று கத்தினார்கள்.

அனந்தகிருஷ்ணனோடு வந்த என்ஜினியர், ஒப்பிட்டுப் பார்க்க வாடகைக்கு எடுத்து வந்திருந்த வெளிநாட்டு மீட்டரை உள்ளே இறக்கினார். உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள ஒண்ணுமே இல்ல சார். பொய் அலாரம்."

"இதை நம்பியா நான் ஆர்டர் குடுக்கணும்?" அனந்தகிருஷ்ணன் காரில் ஏறிப் போய்விட்டார். மற்றவர்களும் கலைந்தார்கள்.

சூர்யா அங்கேயே தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். வாயுவின் அளவு கொஞ்சம்கூட ஏறவில்லை. கருவி தானாக அலறவும் இல்லை. அலாரம் வேலை செய்கிறதா என்று சோதிக்கிற டெஸ்ட் பட்டனை யாரோ போனிலிருந்து அழுத்தியிருக்கிறார்கள். அந்த வசதி இருந்தது ஒரே ஒரு போனில்.

நிமிர்ந்து பார்த்தான். "நீயா?"

"ஆமா," என்றாள் கைனாத்.

"பெங்களூரு போகணும்னா போய்த் தொலைய வேண்டியதுதானே? எல்லாத்தையும் கொளுத்திட்டுத்தான் போகணுமா?"

"அவங்களுக்கு முடியாதுன்னு எப்பவோ சொல்லிட்டேன்."

"அப்புறம் ஏன் கைனாத்? ஏன்?"

"பார்க்கிங்ல அனந்தகிருஷ்ணன் போன்ல பேசினதைக் கேட்டேன். 'கழிவு உறிஞ்சுற லாரியை எல்லா இடத்துலயும் நிறுத்திடு. மிஷின் வந்தாச்சு, இனிமே ஆளையே இறக்கிடலாம். ஏதாவது ஆச்சுன்னா மிஷின்காரன் பதில் சொல்லட்டும்'னாரு."

சூர்யா திறந்து கிடந்த தொட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"யாரும் இறங்கக் கூடாதுன்னு நாம செஞ்சோம். அவர் ஆளை இறக்குறதுக்கு வாங்க வந்திருக்காரு. உன்கிட்ட தனியா சொல்லத்தான் ஓடி வந்தேன். அதுக்குள்ள நீ தலையாட்டிட்டே."

அவன் போன் அடித்தது. அனந்தகிருஷ்ணன்.

ஸ்பீக்கரில் போட்டான்.

"கோவத்துல கிளம்பிட்டேன் தம்பி. யோசிச்சுப் பார்த்தேன், அந்த ஃபாரின் மீட்டர் எனக்குக் கட்டுப்படியாகாது. உங்க மிஷின்ல இருக்கிற கோளாறைச் சரி பண்ணிக் கொண்டாங்க. ஆர்டர் உங்களுக்குத்தான். என்ன சொல்றீங்க?"

கைனாத் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சூர்யா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"கோளாறு ஒண்ணும் இல்ல சார். அந்த அண்ணன் தொட்டிக்குள்ள காலை வெச்சாரு, அது கத்திச்சு. அதுக்குத்தான் சார் அதைச் செஞ்சோம்."