குதிரைன்னு சொல்லாதீங்க!

ஓடிவந்து கையூன்றித் தாண்டும் அந்த ஜிம்னாஸ்டிக்ஸ் சாதனம் புது உறையில் பளபளத்தது.

"பெத்தவங்க முன்னாடி 'குதிரை'ன்னு உளறி மானத்தை வாங்காதீங்க மாஸ்டர். அது அந்தக் காலத்துப் பேரு. இது வால்ட்டிங் டேபிள். புத்தம் புதுசு!" என்றார் பள்ளித் தாளாளர்.

"பேரு எதுவானா என்ன சார், பிள்ளைங்க கைகால் முறியாம இருந்தா போதும்" என்றார் பயிற்சி மாஸ்டர்.

விழாவில் தாளாளர் தன் பெருமையை அளந்து முடித்ததும் மாஸ்டர் மைக்கைப் பிடித்தார்: "முதலில் தாண்டப்போவது நம் தாளாளரின் செல்ல மகள்!"

அவள் ஓடத் தொடங்கினாள். தாளாளர் மேடையிலிருந்து குதித்து, குறுக்கே பாய்ந்து அவளைக் கட்டிக்கொண்டார்.

"வேணாம் கண்ணு! அது பழைய குதிரைதான், உறையைத்தான் மாத்தினேன். கால் ஆடுது!"

மகள் அப்பாவின் தோளுக்கு மேலாக மாஸ்டரைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

மாஸ்டர் பணிவாகக் குனிந்தார்.

"டேபிள்னு சொல்லுங்க சார்."