ஆறா, பள்ளமா?

அட்லஸ் மலையடிவாரத்தில், வறண்ட படுகையின் சரளைக்கல் மேல் தன் ஜீப் அருகே நின்று நில அளவைக்காரர் வரைபடத்தை விரிக்கிறார். காற்றில் அது படபடக்கிறது. ஆட்டுக்கயிற்றைப் பிடித்தபடி தூடா அவருடைய பேனாவையே பார்க்கிறாள்.

"இது வெறும் பள்ளம்தானேம்மா? தண்ணியே இல்லையே."

"பள்ளம்னு எழுதினா வீடு கட்ட வந்துடுவீங்க. போன தடவை கட்டின வீட்டோடதான் என் தங்கச்சி போனா. அந்த மரத்தப் பாருங்க."

அவர் நிமிர்கிறார். இரண்டு ஆள் உயரத்தில், வெள்ளம் செருகிவிட்டுப் போன நாணலும் கிழிந்த கம்பளியும் கிளையில் தொங்குகின்றன. மெதுவாக எழுதுகிறார். "ஆறுன்னே போட்டுட்டேன், போதுமா?"

தூடாவுக்கு எழுத்து தெரியாது. வரைபடத்தை வாங்கி வெயிலுக்கு நேரே பிடிக்கிறாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்கிறாள்.

"ஊருக்குள்ள இத்தோன்னு ஒரு டீச்சர் இருக்காங்க, அவங்க படிச்சுச் சொல்லட்டும். அதுவரைக்கும் ஜீப் சாவியக் குடுங்க."